முதல் செவி

மருதாசலத்துக்கு வயிற்று வலியைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்கேன் நிலையத்தின் வாசல் சுவரில் ஒரு சின்னப் பெட்டி பதித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு பெண் குரல் வரும். மரியாதையான, தெளிவான, கொஞ்சம் பாசம்கூடக் கலந்த குரல்தான், குறை சொல்வதற்கில்லை.

"உங்களுடன் வந்திருப்பவர் யார்?" என்று கேட்டது.

"யாரும் வரலீங்க," என்றார்.

"உங்களுடன் வந்திருப்பவர் யார்?"

மூன்றாவது தடவை கேட்டபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். மருதாசலம் சீட்டை உருவிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அறுபத்திரண்டு வயசில் ஒரு பெட்டி முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கிறதே என்று இருந்தது அவருக்கு.

இந்த விதி வந்த கதை கோயமுத்தூரில் எல்லாருக்கும் தெரியும். முன்னெல்லாம் ஸ்கேன் எடுத்த மூன்றாவது நிமிஷம் படத்தை இயந்திரமே படித்து, முடிவை நேராக நோயாளியின் போனுக்கு அனுப்பிவிடும். இயந்திரத்துக்கு என்ன தெரியும், பாவம். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு, உன் கணையத்தில் புற்று என்று அனுப்பியது. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அனுப்பியது. இரண்டு மூன்று பேர் வீடு போய்ச் சேரவேயில்லை. ஊர் கொந்தளித்தது. அப்போது மேலே இருந்த யாரோ ஒரு புத்திசாலி யோசித்தார். நம் வீடுகளில் காலங்காலமாக என்ன செய்கிறோம்? நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவர் உள்ளே போய், "எங்ககிட்ட சொல்லுங்க டாக்டர், அவருக்குத் தெரிய வேண்டாம்" என்கிறோம். அதையே விதியாக்கிவிட்டால் என்ன? ஆக்கிவிட்டார்கள். முடிவு முதலில் கூட வந்தவருக்கு. அவருக்கு முதல் செவி என்று பெயர். நோயாளியிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது எல்லாம் அவர் பாடு. தொண்ணூறு நாள் கழிந்த பிறகுதான் நோயாளி தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, நல்ல முடிவையாவது நேரே சொல்லித் தொலைக்கலாமே என்றால், அதுவும் கூடாது. நல்லதை மட்டும் நேரே சொன்னால், சொல்லாமல் விட்டதெல்லாம் கெட்டது என்று பச்சைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே எல்லாமே செவி வழியாகத்தான். எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். கூட வர ஆளே இல்லாதவன் என்ன செய்வான் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார். அவர் வீட்டில் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

மருதாசலத்தின் வீட்டில் இருந்தது ஒருத்திதான், மனைவி ரங்கநாயகி. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவர் அவர். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் மகன் மகளோடு ஊர் மாறிவிட்டார்கள். மீதிப் பேருக்குப் போன் போட்டு, என் வயித்தைப் பாக்கறாங்க, கூட வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மேசையிலிருந்த யமுனா என்கிற பெண் அவரைப் பார்த்து இரக்கப்பட்டாள். "ஆள் இல்லைன்னா எழுதிக் குடுத்தா நாங்களே ஒரு செவி போடுவோம். ஆறேழு வாரம் ஆகும். இப்ப தண்ணியக் குடிக்க ஆரம்பிங்க. அதுக்குள்ள யாரையாவது வரச் சொல்லிப் பாருங்க," என்று ஒரு ஜாடியை நீட்டினாள்.

ஒன்றரை லிட்டர். முக்கால் மணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும். குடல் சுருங்கிக் கிடந்தால் எது சுவர், எது நோய் என்று படத்தில் பிரித்துச் சொல்ல முடியாதாம். இந்தத் தண்ணீரைக் குடித்தால் குடல் விரிந்து கொடுக்கும். இனிப்பென்றும் சொல்ல முடியாத, தண்ணீரென்றும் சொல்ல முடியாத ஒரு ருசி. மருதாசலம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஜாடியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

தூக்கிவாரிப் போட்டது. வாசல் பெட்டியின் அதே குரல். நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து நாற்காலியில் கட்டம் போட்ட சேலை கட்டிய ஒல்லியான அம்மா ஒருத்தி, கையில் காலி டம்ளரோடு எழுந்து நிற்கிறாள். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயசிருக்கும். மருதாசலம் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வந்தவள் சிரித்தாள். "பயந்துட்டீங்களா? எல்லாரும் இப்படித்தான் பாப்பாங்க. அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது நாந்தாங்க."

பெயர் ஜெசிந்தா. சிங்காநல்லூர் ஹவுசிங் போர்டில் வீடு. பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷம் அறிவிப்பாளராக இருந்தவள். பொள்ளாச்சி பஸ்ஸும் பல்லடம் பஸ்ஸும் அவள் சொல்லாமல் கிளம்பியதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ கம்பெனிக்காரர்கள் வந்து, இரண்டு வாரம் ஓர் அறையில் உட்கார வைத்து வரிசையாக வாக்கியங்களைப் படிக்க வைத்தார்களாம். அதன் பிறகு லிஃப்டில், பேங்கில், ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் அவள் குரல்தான்.

"அன்னைக்கு நான் படிச்சது மூவாயிரம் வாக்கியந்தாங்க. அதை வச்சு இப்ப நான் சொல்லாததையெல்லாம் அதுவே சொல்லிக்குது. ஊரெல்லாம் பேசறேன். வீட்டுக்குப் போனாத்தான் பேச ஆளில்ல," என்றாள். அம்மா இருந்தவரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவளாம். அம்மாவும் போய்விட்டாள், கல்யாண வயசும் போய்விட்டது.

"உங்களையும் அந்தப் பொட்டி கேட்டுச்சுங்களா?" என்றார் மருதாசலம்.

"கேட்டுச்சு. என்னையே நான் கேட்டேன், கூட யார் வந்திருக்கான்னு. எனக்கே பதில் சொல்லத் தெரியல."

அவள் மூன்று தடவை எழுந்து போனாள், இவர் பையைப் பார்த்துக்கொண்டார். இவர் இரண்டு தடவை எழுந்து போனார், அவள் ஜாடியைப் பார்த்துக்கொண்டாள். கடைசி டம்ளரைக் குடித்து வைத்துவிட்டு அவள்தான் ஆரம்பித்தாள். "ஏங்கண்ணா, நான் உங்களுக்கு வந்தவளா இருக்கேன். நீங்க எனக்கு வந்தவரா இருங்களேன்."

யமுனா இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்தாள். "மருதாசலம். ஜெசிந்தா. என்ன உறவு?"

"அண்ணன்," என்றாள் ஜெசிந்தா, கண் சிமிட்டாமல்.

யமுனா இவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். "ஒரே அம்மாவா?"

"ஏனுங்க, இத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க. எங்கம்மாவைப் பத்தித்தான் இப்பப் பேசோணுமா?" என்றார் மருதாசலம். யமுனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பேர் பெருவிரல் ரேகையையும் வாங்கிக்கொண்டாள்.

இயந்திரத்துக்குள் படுத்தபோது மருதாசலம் பழக்கதோஷத்தில் அது சுற்றுகிற சத்தத்தைத்தான் கவனித்தார். பேரிங் நன்றாக இருந்தது. கையில் மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. "மூச்சை இழுத்து நிறுத்துங்கள்," என்றது ஜெசிந்தாவின் குரல். யாரோ தெரிந்தவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நிறுத்தினார்.

முதலில் அவளுடைய முடிவுதான் வந்தது. செவி அறை என்று எழுதிய சின்ன அறைக்குள் மருதாசலத்தைக் கூப்பிட்டார்கள். ஷாஹிதா என்ற இளம் டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் வளைந்து வளைந்து கிடந்தது குடல். ஓரிடத்தில் மட்டும் சுவர் தடித்து, அந்த இடத்தில் குழாய் பெரிதாக உப்பியிருந்தது.

"உங்க தங்கச்சிக்குச் சிறுகுடல்ல லிம்ஃபோமா மாதிரி தெரியுது. நிணநீர்ப் புற்று. கொஞ்சம் சதை எடுத்துப் பாத்து உறுதி பண்ணணும். ஆனா படம் ரொம்பத் தெளிவா இருக்கு."

"அடைச்சிருக்குதுங்களா?"

"அதுதான் இதுல விஷயம். வேற கட்டின்னா பாதையை அடைக்கும், வலி தாங்காம ஆளே ஓடி வந்துடுவாங்க. இது அடைக்காது. சுவருக்குள்ள புகுந்து, அங்க இருக்கற நரம்பையும் தசையையும் தின்னுடும். பிடிப்பு போனதும் குழாய் அகலமாகிடும். சாப்பாடு அது பாட்டுக்குப் போகும். அதனால அவங்களுக்குப் பெருசா வலி தெரியாது."

மருதாசலத்துக்குப் புரிந்தது. பழைய ஹோஸ் பைப்பில் உள்நூல் இற்றுப்போன இடம் இப்படித்தான் உப்பும். தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அந்த இடத்தில் வெடிக்கும்.

"இது மருந்துக்கு நல்லாக் கேக்கும்," என்றார் டாக்டர். "ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணும். அந்த இடத்துல ஓட்டை விழுந்துட்டா அப்பறம் எங்க கையில இல்ல. நீங்க பக்குவமா சொல்லிடுங்க, என்ன? சொன்னாத்தான் நாங்க வைத்தியம் பண்ண முடியும்."

வெளியே வந்தார். ஜெசிந்தா மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்கண்ணா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லைங்க," என்றது அவர் வாய். "குடல் புண்ணாம். மாத்திரை குடுப்பாங்களாம்."

திட்டம் போட்டுச் சொன்ன பொய்யில்லை. ரங்கநாயகியிடம் ஏழு மாதம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகப் புரண்டுவிட்டது. அவள் "அப்பாடா" என்று சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். இவர், எப்படியாவது இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்.

இப்போது அவள் உள்ளே போனாள், இவருடைய முடிவைக் கேட்க. ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். வந்தவள் இவர் நிற்கிற நிலையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"உங்களுக்குச் சின்னதா ஒரு எடம் சந்தேகமா இருக்காம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணுமாம். பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க," என்றாள். "நான்தானே உங்க செவி. தேதி நெருங்கும்போது கூப்பிடறேன். நம்பர் குடுங்க."

மருதாசலம் நம்பரைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். தனக்குச் சந்தேகம் என்பதைவிட வேறொன்று அவரைக் குடைந்தது. முகம் தெரியாத ஒருத்தி, கெட்ட சேதியை முகத்துக்கு நேரே சொல்கிறாள். நான் என்ன செய்துவிட்டு வந்தேன்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் ஜெசிந்தாவின் குரல். "வணக்கம். நோயாளி ஜெசிந்தாவிடம் முடிவைத் தெரிவித்துவிட்டீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்துங்கள். இல்லை என்றால் இரண்டை அழுத்துங்கள்."

செவிகளுக்கு நினைவூட்டுகிற அழைப்பு. பெட்டியின் வேலைதான், அவளாகக் கூப்பிடவில்லை. மருதாசலம் இரண்டை அழுத்தினார். அடுத்த நாளும் ஒன்பது மணிக்கு அவளே கேட்டாள், ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று. இரண்டை அழுத்தினார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. அதுதான் அவரை அரித்தது. குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அதுவே காதில் கிடந்தது.

ரங்கநாயகிக்கு ஈரலில் வந்தது. சொல்ல வேண்டாம் என்று மச்சான் சொன்னான், அவள் தங்கை சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொன்னார். இவரும் ஏழு மாதம் வாயுத் தொல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வாரம் ஒரு மத்தியானம் அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு நடிக்கவே வராதுங்க மாமா. எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும்," என்றாள். இவர் மனசு நொந்துபோகும் என்று அவளும் தெரியாதவள் மாதிரியே இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், இவர் மோட்டார் ரூமிலும் அவள் சமையலறையிலுமாக, தனித்தனியே அழுதிருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினார்.

விசாரித்துக்கொண்டு போனால், ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி. ஜெசிந்தா கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் வழி விட்டாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை அவர்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க அம்மணி. உங்களுக்குப் புண்ணு இல்லை. லிம்ஃபோமான்னாங்க. புத்துதான். ஆனா மருந்துக்குக் கேக்குமாம், நல்லாவே கேக்குமாம். சீக்கிரம் போகோணும். ஒம்பது நாளை நான் வீணாக்கிட்டேன்."

அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். கீழே யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"பொட்டி உங்களைத் தினமும் கூப்பிட்டிருக்குமே?" என்றாள் கடைசியில்.

"காலையில ஒம்பது மணிக்கு."

"அப்ப ஒம்பது நாளா நானேதான் உங்களைக் கேட்டுட்டு இருந்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க? தொண்ணூறு நாள் ஆனா தானாத் தெரிஞ்சிருக்குமே."

"நீங்க எனக்கு நேரா சொன்னீங்கல்ல, சந்தேகமா இருக்குதுன்னு. எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? நீங்க நெசத்தைச் சொல்லி, நான் பொய்யைச் சொல்லி... அது தாங்கலீங்க எனக்கு."

ஜெசிந்தா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணா..." என்று ஆரம்பித்தாள். அப்புறம், "காபி போட்டுட்டு வரேன்," என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. காபி நன்றாகவே இல்லை, மருதாசலம் முழுசாகக் குடித்தார்.

அந்த வாரமே சதை எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆறு தடவையும் மருதாசலம் போனார். பெட்டி கேட்கும், உங்களுடன் வந்திருப்பவர் யார் என்று. இவர் பெருவிரலை வைப்பார். முதல் தடவைக்குப் பிறகு அவளுக்கு முடி கொட்டியது. மூன்றாவதுக்குப் பிறகு நாக்குச் செத்துப்போனது. இவர் எலுமிச்சை ஊறுகாயும் கஞ்சியும் தூக்குப்போசியில் கொண்டு போவார். தெம்பு இருக்கிற நாளில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் பழையபடி அறிவித்துக் காட்டுவாள். வார்டில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஆனால் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் பயம்தான். மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டிய அந்தச் சின்ன இடம், வயிற்றுக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவருடைய வலி பதினைந்து நாளில் தானாகப் போய்விட்டது. அதையும் அவர் கெட்டதாகவே எடுத்துக்கொண்டார். இந்த நோய்க்கு வலி தெரியாது என்று டாக்டர் வாயாலேயே கேட்டவரல்லவா. சோறு செரிக்கிற சத்தம் கேட்டாலும் கையை வைத்துப் பார்ப்பார். ஒரு நாள் பீரோவைத் திறந்து ரங்கநாயகியின் சேலைகளையெல்லாம் எடுத்து மூட்டை கட்டி ஓர் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நாலு வருஷமாகத் தொடாமல் வைத்திருந்தவை. தான் போன பிறகு யாரோ கண்டவர்கள் அள்ளிக்கொண்டு போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு வெறும் பீரோவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார்.

மூன்றாவது மாதம் முடிந்தபோது, "என் கடைசி ஸ்கேன் அன்னைக்கே உங்களுதையும் சேத்துப் பாத்துக்கலாங்கண்ணா," என்றாள் ஜெசிந்தா. அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. தொண்ணூறு நாள் ஆகிவிட்டதால் தானே போய்க் கேட்கலாம். கேட்கவில்லை. பயந்தவனுக்குத் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்தால் விடுவானா?

அந்தக் கடைசி ஸ்கேன் நாள் ஜூன் மாதத்தில் வந்தது. அதே கூடம். ஜெசிந்தா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஜாடியும் டம்ளருமாக உட்கார்ந்திருந்தாள். மருதாசலம் தனக்கு ஒரு ஜாடி வாங்கப் பெட்டி முன்னால் போய்ச் சீட்டைக் காட்டினார்.

"வணக்கம், மருதாசலம். உங்களுக்குப் பரிசோதனை எதுவும் பதிவாகவில்லை," என்றது பெட்டி.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்களே. கொஞ்சம் தள்ளிப் போயிருச்சு."

"தொண்ணூறு நாட்கள் கடந்துவிட்டதால் உங்கள் முடிவை நீங்களே கேட்கலாம். கேட்க விரும்பினால் பெருவிரலை வையுங்கள்."

அஞ்சு மாசம் பயந்தது போதும் என்று தோன்றியது. வைத்தார்.

"உங்கள் குடலில் நோய் எதுவும் காணப்படவில்லை. மறுபரிசோதனை தேவையில்லை. இந்த முடிவு ஜனவரி பதினெட்டாம் தேதி உங்கள் முதல் செவியிடம் தெரிவிக்கப்பட்டது."

மருதாசலம் திரும்பினார். நாலு நாற்காலி தள்ளி, டம்ளரை வாயருகே வைத்தபடி ஜெசிந்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. அவள் மறைத்ததை அவள் குரலே சுவரிலிருந்து சொல்லிவிட்டது.

அவர் போய் முன்னால் நின்றார். "ஏனுங்க அம்மணி?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நான் வெளிய வந்தப்ப நீங்க சீட்டை மடிச்சு வச்சுட்டு வாசலைப் பாத்து நின்னீங்க. எனக்கும் ஒண்ணுமில்ல, உங்களுக்கும் ஒண்ணுமில்லைன்னா, அவ்வளவுதானே. போயிடுவீங்க. எங்கம்மா போனதுக்கப்பறம் என் பையை ஒருத்தர் பாத்துக்கிட்டது அன்னைக்குத்தான். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாமேன்னு... வாயில வந்துடுச்சு. அப்பறம் நீங்க வீட்டுக்கு வந்து, நான் தைரியமா நெசத்தைச் சொன்னவள்னு சொன்னீங்க. அதுக்கு மேல எப்படிங்கண்ணா சொல்லுவேன்?"

"ரங்கநாயகி சேலையெல்லாம் குடுத்துட்டனே," என்றார் மருதாசலம். "நான் செத்துருவேன்னு நெனச்சுக் குடுத்துட்டனே அம்மணி."

அவள் முகம் வெளுத்துப்போனது. அவளுக்கு அது தெரியாது, இவர் சொல்லியிருக்கவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. பாவி, பாவி என்று மனசுக்குள் திட்டினார். அவர் வீட்டுப் பக்கம் போகிற கணபதி பஸ் ஒன்று வந்தது. ஏறவில்லை. அந்தப் பொய்யை அவள் சொல்லாமலிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். ஒன்றும் செய்திருக்க மாட்டோம். குடல் புண் என்று சொன்னது சொன்னபடி, தினமும் இரண்டை அழுத்திக்கொண்டே இருந்திருப்போம். தொண்ணூறு நாளுக்குள் அந்த இடம் வெடித்திருக்கும். அவளைப் பிழைக்க வைத்தது அவளுடைய பொய்தான். அதற்காகக் கோபம் போய்விடுமா? போகவில்லை. சேலைகள் திரும்பி வருமா? இன்னொரு பஸ்ஸும் போனது.

கூடத்திலிருந்து பெட்டியின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "ஜெசிந்தா. உங்களுடன் வந்திருப்பவர் யார்?"

பதில் இல்லை. "உங்களுடன் வந்திருப்பவர் யார்?"

மூன்றாவது தடவை அது கேட்பதற்குள் மருதாசலம் உள்ளே வந்து, மூச்சு வாங்கியபடி பெருவிரலை வைத்தார். மேசையிலிருந்து யமுனா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அண்ணன் தங்கச்சி சண்டையா?"

"ஆமாங்க. எங்க வீட்டுச் சமாச்சாரம்," என்றார் அவர், முறைப்பாகவே. ஜெசிந்தா பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் இயந்திரத்துக்குள் இருந்த நேரமெல்லாம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மூச்சை இழுத்து நிறுத்துங்கள் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் தன்னையறியாமல் மூச்சை நிறுத்தினார்.

அவளுக்கும் தொண்ணூறு நாள் எப்போதோ தாண்டிவிட்டது, நேராகவே கேட்டுக்கொள்ளலாம். "எனக்கு வேண்டாம். அவரே கேட்டுட்டு வந்து சொல்லட்டும்," என்றாளாம் யமுனாவிடம். மருதாசலம் செவி அறைக்குள் போனார்.

டாக்டர் ஷாஹிதா இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழைய படத்தில் உப்பிக் கிடந்த இடம், புதியதில் மற்ற குடலோடு குடலாகச் சின்னதாக வளைந்து போனது. எது அந்த இடம் என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

"கரைஞ்சிடுச்சு," என்றார் டாக்டர். "இனி ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன். அதுவரைக்கும் வர வேண்டியதில்ல. சந்தோஷமா சொல்லுங்க."

மருதாசலம் வெளியே வந்தார். ஜெசிந்தா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை இவரிடம் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அன்னைக்குச் சொன்னது பொய். இது நெசம். வேணும்னா பொட்டியைக் கேட்டுக்கங்க, உங்க குரல்தானே. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நீங்க சொன்னாலாவது நம்புவீங்கல்ல."

அவள் பெட்டியின் பக்கம் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். தோள் குலுங்கியது. அழட்டும் என்று மருதாசலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். எதிரே ஒரு பெரியவர், பக்கத்தில் யாருமில்லாமல், ஜாடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, முடிஞ்சுதாங்கண்ணா?" என்றாள் அவள் ஒருவழியாக. "இனி வர வேண்டியதில்லையா?"

மருதாசலம் பையின் வாரைச் சரிசெய்தார். அவருக்கு நடிக்க வராது, அது அவருக்கே தெரியும்.

"மூணு மாசம் கழிச்சு வரோணுமாம்," என்றார்.

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "யார் சொன்னா?"

"டாக்டரம்மாதான்."

அவள் பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "சரிங்கண்ணா. தேதி நெருங்கும்போது கூப்பிடறேன்," என்றாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.